குல்மார்க் பனிப்பொழிவு: பன்னிரண்டு நாள் முன்னதாகச் சொல்லும் எண்ணை நம்பிப் பயணச்சீட்டு எடுக்கலாமா?

பார்வதிபுரம் ஆசிரியர் | ஜனவரி 12, இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். கல்லூரியில் முதலாண்டு படிக்கும் என் மகளுக்குப் பனிச்சறுக்கு கற்றுக்கொள்ள வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. அதற்காக 2024 ஜனவரி நடுவில் நாங்கள் இருவரும் குல்மார்க் சென்றோம். போய்ச் சேர்ந்தபோது புல்வெளி முழுவதும் காய்ந்து பழுப்பு நிறத்தில் கிடந்தது. அந்த ஆண்டு ஜனவரியில் காஷ்மீரில் மழையும் பனியும் ஏறக்குறைய மாதம் முழுவதும் பொய்த்துவிட்டன என்பதும், கடைசி நாள்களில்தான் பனி இறங்கத் தொடங்கியது என்பதும் பலருக்கு நினைவிருக்கும். அதற்குள் நாங்கள் ஊர் திரும்பிவிட்டோம். பயணத்தை ஏற்பாடு செய்து தந்தவர், ஜனவரியில் அங்கே பனி இல்லாமல் இருக்கவே இருக்காது என்று உறுதி சொல்லியிருந்தார். நானும் அதற்கு மேல் விசாரிக்கவில்லை. போன பணம் போகட்டும். அந்தக் காய்ந்த புல்லைப் பார்த்தபடி அவள் பேசாமல் நின்றதுதான் இன்னும் மனத்தில் நிற்கிறது.

இம்முறை நானே முன்னறிவிப்பைப் படித்துப் புரிந்துகொண்டு போக விரும்புகிறேன். பனிச்சறுக்குத் தலங்களுக்கென்றே இருக்கும் ஒரு வானிலைத் தளம், ஜனவரி 24 முதல் 26 வரை குல்மார்க்கில் 64 செ.மீ. பனி பெய்யும் என்று காட்டுகிறது. 23ஆம் தேதி அங்கே இருக்கும்படி திருவனந்தபுரத்திலிருந்து விமானச்சீட்டு எடுத்துவிடலாமா? அந்த 64 என்ற எண்ணுக்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கலாம்? அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நாகர்கோவில் வானிலைக் குறிப்பேடு | ஜனவரி 12, இரவு 10.25

சார், அந்த எண்ணை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். பன்னிரண்டு நாளுக்கு அப்பால் இருக்கும் ஒரு பனிப்பொழிவைச் செ.மீ. கணக்கில் சொல்லும் ஆற்றல் இன்று உலகில் வானிலையைக் கணக்கிடும் எந்தக் கணினி மாதிரிக்கும் இல்லை. தளத்தில் ஒரு கட்டம் இருக்கிறது; அதில் ஏதாவது ஓர் எண்ணை நிரப்பியாக வேண்டும்; அதனால் நிரப்பியிருக்கிறார்கள். அமெரிக்க மாதிரி ஒரு நாளைக்கு நான்கு முறை புதிதாகக் கணக்கிடுகிறது. இப்போது 64 என்று காட்டுவது நாளைக் காலையில் 20 என்றும் மாலையில் 80 என்றும் மாறக்கூடும்.

ஐரோப்பிய வானிலை முன்னறிவிப்பு மையம் செய்வது இன்னும் நேர்மையான முறை என்பது என் கருத்து. தொடக்க நிலையைச் சிறிது சிறிதாக மாற்றி, அதே கணக்கை 50 தடவை ஓட்டிப் பார்க்கிறார்கள். ஐம்பதில் நாற்பது ஓட்டங்கள் 24, 25 தேதிகளில் பனி என்று சொன்னால் நம்பிக்கை கொள்ளலாம். பத்து மட்டுமே சொன்னால், வாய்ப்பு உண்டு என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இன்றைய நிலையில் ஓட்டங்கள் நாலாபக்கமும் சிதறிக் கிடக்கின்றன. ஆனாலும் அந்த வாரத்தில் ஒரு மேற்கத்திய இடையூறு வட இந்தியாவை நோக்கி நகரும் என்பதில் பெரும்பாலானவை ஒத்துப்போகின்றன.

மேற்கத்திய இடையூறு என்பது இதுதான்: மத்தியத் தரைக்கடல் பக்கம் உருவாகும் தாழ்வழுத்தங்கள், உயரே ஓடும் மேலைக்காற்றில் ஏறி ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக இமயமலைக்கு வருகின்றன. குளிர்காலத்தில் காஷ்மீருக்குப் பனி கொடுப்பவை அவைதான். 2024 ஜனவரியில் அத்தகைய வலுவான இடையூறு எதுவும் மாதக் கடைசி வரை வந்து சேரவில்லை. உங்களுக்கு ஏற்பாடு செய்தவர் மாதத்தின் பெயரை நம்பினார்; மாதமா பனி கொடுக்கிறது?

குளச்சல் வள்ளம் | ஜனவரி 13, காலை 6.15

எனக்குப் பனியைப் பற்றித் தெரியாது. ஆனால் தம்பி சொல்வது எங்கள் கரையில் எல்லோரும் பட்டு அறிந்த ஒன்று. கள்ளக்கடல் வருவதை எடுத்துக்கொள்ளுங்கள். தெற்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இந்தியப் பெருங்கடலில் அடித்த புயலின் அலை, இங்கே காற்றே இல்லாத நாளில் வந்து கரையேறுகிறது. அது எந்த நாளில் வரும் என்பதை இப்போது ஓரளவு சரியாகவே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறார்கள். குளச்சலில் எவ்வளவு ஏறும், முட்டத்தில் எவ்வளவு ஏறும், எந்த வீட்டு வாசலில் நிற்கும் என்பது வந்த பிறகுதான் தெரியும். ஆகவே வரும் நாளைப் பிடித்துக்கொள்ளுங்கள், அளவை விட்டுவிடுங்கள் என்பதே என் யோசனை.

2024 மே 6 அன்று கணபதிபுரம் பக்கத்தில் ஐந்து மருத்துவ மாணவர்களைக் கடல் கொண்டுபோனதை இந்த மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டோம். எச்சரிக்கை இருந்தது. அது அந்தப் பிள்ளைகள் நின்ற மணல்வரை போய்ச் சேர்ந்து அவர்களைத் தடுக்கவில்லை. மலையிலும் எச்சரிக்கை என்று ஒன்று இருக்குமானால், அதை யார் சொல்கிறார்கள், எங்கே ஒட்டுகிறார்கள் என்பதை ஆசிரியர் முதலில் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

தக்கலை முன்னாள் படைவீரர் | ஜனவரி 13, காலை 8.50

நான் பாராமுல்லா பகுதியில் சில குளிர்காலங்கள் பணியாற்றியவன். குல்மார்க்கில் உள்ள உயர்மலைப் போர்ப் பயிற்சிப் பள்ளியில் பயிற்சியும் பெற்றிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சில செய்திகளைச் சொல்கிறேன்.

முதலாவது, “குல்மார்க்கில் 64 செ.மீ.” என்றால் எந்தக் குல்மார்க்? புல்வெளியும் விடுதிகளும் இருக்கும் இடம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,650 மீ. கோண்டோலா எனப்படும் கம்பிவட ஊர்தியின் முதல் கட்டம் ஏறிச் சேரும் கொங்டூரி 3,050 மீட்டருக்குச் சற்று மேல். இரண்டாம் கட்டம் கொண்டுபோய் விடும் அஃபர்வத் மலைத்தோள் ஏறக்குறைய 3,950 மீ. அதாவது ஒரே ஊரின் பெயரில், ஒன்றின்மேல் ஒன்றாக ஆயிரத்து முந்நூறு மீட்டர் உயர வேறுபாடு அடங்கியிருக்கிறது. நம் மகேந்திரகிரியைக் கடற்கரையிலிருந்து ஏறத் தொடங்கினால், உச்சியை நெருங்கும்போதுதான் அவ்வளவு உயரம் வரும். கீழே மழை பெய்துகொண்டிருக்கும்போது மேலே இடுப்பளவு உலர்ந்த பனி சேர்வதை நானே பார்த்திருக்கிறேன். பனிச்சறுக்குத் தளங்கள் அடி, நடு, உச்சி என்று மூன்று உயரங்களுக்குத் தனித்தனியே காட்டும். நீங்கள் பார்த்த எண் உச்சிக்கானதாக இருக்கலாம். முதன்முறை கற்றுக்கொள்ளும் மகளுக்கு உச்சியில் ஒரு வேலையும் இல்லை. அவர் கற்கப்போவது கீழே உள்ள இளஞ்சரிவுகளில். எனவே அடிநிலை எண்ணை மட்டும் பாருங்கள்.

இரண்டாவது, புதிதாகப் பெய்யும் பனி வேறு, தரையில் நிற்கும் பனி வேறு. நேற்று ஒரு முழம் பெய்தது இன்று முக்கால் முழமாக அமுங்கிவிடும். கற்பதற்குத் தேவை தரையில் அமுங்கி நிற்கும் ஆழம்தான். புல்வெளிச் சரிவு என்பதால் கீழே ஒரு முழம் இருந்தாலே போதும். பாறை நிறைந்த மேல்பகுதிக்கு அது பல மடங்கு வேண்டும்.

மூன்றாவது, பனி பெய்யும் நாளில் போய் இறங்கலாம் என்று எண்ணாதீர்கள். ஸ்ரீநகரில் பனி கொட்டும்போது பார்வைத் தெளிவு இல்லாமல் விமானங்கள் இரத்தாகும். தங்மார்க்கிலிருந்து குல்மார்க் ஏறும் சாலையில் சக்கரங்களுக்குச் சங்கிலி கட்டிய வண்டியையோ நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியையோ தவிர வேறு எதையும் விடமாட்டார்கள். பெய்து முடித்த மறுநாள் சேர்வதே அறிவுடைமை.

மார்த்தாண்டம் டு இன்ஸ்ப்ருக் | ஜனவரி 13, பகல் 1.30

ஆஸ்திரியாவில் ஒன்பதாவது குளிர்காலம் கழிக்கிறேன். ஐயா சொன்ன மூன்றும் அப்படியே சரி. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். இங்கே பனிச்சறுக்குக்குப் போகிறவர்கள் யாரும் இரண்டு வாரத்துக்கு முன் முடிவெடுப்பதில்லை. ஏழு நாள் முன்னால் போக்கைப் பார்க்கிறோம். மூன்று நாள் முன்னால் தேதியை முடிவு செய்கிறோம். கடைசி நாள் மாலையில் பனிச்சரிவு (மலையிலிருந்து பனி பெயர்ந்து சரிந்து விழுவது) அறிக்கையைப் படித்த பிறகுதான் எந்தச் சரிவுக்குப் போவது என்றே தீர்மானிக்கிறோம். சாரும் சீட்டு எடுக்காமல் 21ஆம் தேதி வரை பொறுத்திருப்பதே நல்லது.

பார்வதிபுரம் ஆசிரியர் | ஜனவரி 13, இரவு 9.05

எல்லோருக்கும் மிக்க நன்றி. இன்ஸ்ப்ருக் தம்பி சொல்வதில் எனக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. தம்பி மலைக்குப் பேருந்தில் போய் மாலையில் வீடு திரும்பலாம். நான் இந்தியாவின் தென்கோடியிலிருந்து வடகோடிக்குப் போக வேண்டும். விடுப்பு விண்ணப்பத்தை ஒரு வாரத்துக்கு முன்பே கொடுத்தாக வேண்டும். கடைசி மூன்று நாளில் விமானக் கட்டணம் இரண்டு மடங்காகிவிடும். இரயில் என்றால் கன்னியாகுமரியிலிருந்து ஹிம்சாகர் வண்டி வெள்ளிக்கிழமை புறப்பட்டு நான்காம் நாள்தான் கட்ரா சேர்கிறது. அங்கிருந்து இப்போது ஸ்ரீநகர் வரை இரயில் இருந்தாலும் அதற்கு இன்னும் ஒரு நாள் ஆகிவிடும். நம்பத்தக்க முன்னறிவிப்பின் எல்லைக்கு வெளியே நின்றுகொண்டுதான் நான் வண்டியே ஏற வேண்டியிருக்கிறது. தொலைவிலிருந்து வருகிறவன் என்ன செய்வது?

தக்கலை முன்னாள் படைவீரர் | ஜனவரி 13, இரவு 9.50

அப்படியானால் ஜனவரியை விட்டுவிட்டுப் பிப்ரவரி நடுவில் போங்கள். சில்லே கலான் எனப்படும் நாற்பது நாள் கடுங்குளிர் டிசம்பர் 21இல் தொடங்கி ஜனவரி இறுதியோடு முடிகிறது. அதற்குப் பிறகு இருபது நாள் சில்லே குர்து, பத்து நாள் சில்லே பச்சா. பிப்ரவரிக்குள் பல பொழிவுகள் ஒன்றின்மேல் ஒன்றாக அமுங்கி அடித்தளம் உறுதிப்பட்டிருக்கும். ஒரு பொழிவு தவறினாலும் கற்பவருக்கு இழப்பில்லை.

நாகர்கோவில் வானிலைக் குறிப்பேடு | ஜனவரி 13, இரவு 10.40

ஐயா மேல் மிகுந்த மதிப்பு உண்டு. ஆனாலும் இதில் மாறுபடுகிறேன். பொதுவாக அது சரியான யோசனைதான். அண்மை ஆண்டுகள் அந்தப் பொதுவையே குலைத்துவிட்டன. கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளின் குல்மார்க் பகுதி 2025இல் பிப்ரவரி 22 அன்று தொடங்குவதாக இருந்தது. போதிய பனி இல்லாமல் ஒத்திவைத்து மார்ச் 9 முதல் 12 வரை நடத்தினார்கள். அரசு, பயிற்சியாளர்கள், இத்தனை ஆண்டு அனுபவம் எல்லாம் கையில் இருந்தும் பிப்ரவரி பொய்த்தது. நாட்காட்டியைப் பார்த்துத் தேதி குறிக்கும் காலம் போய்விட்டது என்றே நினைக்கிறேன். சார் தேதி மாற்றத்தக்க சீட்டு எடுக்கலாம். சற்றுக் கூடுதல் விலைதான். ஆனால் அந்தக் கூடுதல் பணத்தைக் காப்பீடாகக் கருதலாம்.

குலசேகரம் ரப்பர் | ஜனவரி 14, காலை 10.10

பொங்கல் முடிந்து வந்து இழையைப் படிக்கலாம் என்றிருந்தேன்; பொறுக்க முடியவில்லை. முன்னறிவிப்பு ஒரு மலைநாட்டில் ஏன் தடுமாறுகிறது என்பதற்கு நம் மாவட்டத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. சூன் மாதத்தில் எங்கள் குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் விடாமல் மழை பெய்யும். ரப்பர் பால்வெட்டு நாள்கணக்கில் நின்றுபோகும். அதே நேரத்தில் ஆரல்வாய்மொழியில் வானம் வெளுத்துக் காற்று மட்டும் கணவாயில் ஊதிக்கொண்டிருக்கும். அந்தக் காற்றை நம்பித்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. ஒரே மாவட்டம், ஒரே மேகம், ஒரே பருவக்காற்று. மலைக்கு எந்தப் பக்கத்தில் நிற்கிறோம் என்பதே மழையைத் தீர்மானிக்கிறது.

நான் வெட்டுக்காரர்களுக்கு மறுநாள் வேலை சொல்வதற்காகத் தினமும் மாலையில் முன்னறிவிப்பைப் பார்க்கிறவன். “கன்னியாகுமரி மாவட்டத்தில் மிதமான மழை” என்ற வரி என் தோட்டத்துக்குப் பயன்படுவதில்லை. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்ற வரியே எனக்குப் பயன்படுகிறது. குல்மார்க் பீர் பஞ்சால் மலைத்தொடரின் சரிவில் இருக்கிறது. அங்கும் மேகம் வந்தால் மட்டும் போதாது. காற்று ஈரத்தை மலைமேல் ஏற்றும் திசையில் வர வேண்டும். கணினி மாதிரியோ நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துச் சராசரி உயரத்தை எடுத்துக்கொள்கிறது. ஐரோப்பிய மாதிரியில் ஒரு கட்டம் ஏறக்குறைய 9 கி.மீ. அகலம். படைவீரர் ஐயா சொன்ன 2,650 மீட்டரும் 3,950 மீட்டரும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடக்கூடும். அந்தக் கட்டத்திலிருந்து ஒரு விடுதியின் வாசலுக்குரிய பனியை எப்படித் துல்லியமாகச் சொல்ல முடியும்?

அருமனை வாசகி | ஜனவரி 14, மாலை 4.20

இடையில் ஒரு கேள்வி கேட்பதற்கு மன்னிக்கவும். குல்மார்க் இவ்வளவு நிச்சயமற்றது என்றால், உத்தரகண்டில் இருக்கும் ஔலிக்குப் போகலாமே? அங்கே செயற்கைப் பனி உண்டாக்கும் இயந்திரங்கள் உண்டு என்று படித்திருக்கிறேன்.

மார்த்தாண்டம் டு இன்ஸ்ப்ருக் | ஜனவரி 14, மாலை 6.00

அக்கா, இயந்திரம் இருந்தால் மட்டும் பனி உண்டாகிவிடாது. நீரைத் துளியாகச் சிதறடித்து உறையவைக்கும் அளவுக்குக் காற்று குளிர்ந்தும் உலர்ந்தும் இருக்க வேண்டும். ஈரக்குமிழ் வெப்பநிலை (காற்றின் வெப்பத்தையும் ஈரத்தையும் சேர்த்துக் காட்டும் அளவு) ஏறக்குறைய கழித்தல் 2 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினால்தான் இயந்திரத்தை ஓட்டவே முடியும். பனி பொய்க்கும் வெதுவெதுப்பான குளிர்காலத்தில் அந்த நேரமும் சுருங்கிவிடுகிறது. மேலும் 2023 ஜனவரியில் ஜோஷிமட்டில் நிலம் தாழ்ந்ததையடுத்து, அங்கிருந்து ஔலிக்கு ஏறும் கம்பிவட ஊர்தியை நிறுத்திவிட்டார்கள். 2011இல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகள் நடந்த நல்ல இடம்தான். ஆனால் உயரத்தில் குல்மார்க்கின் மேல்பகுதியோடு ஒப்பிட முடியாது.

பார்வதிபுரம் ஆசிரியர் | ஜனவரி 18, இரவு 8.30

இரண்டு நாளாக உறக்கம் இல்லை. 64 என்று இருந்தது 15ஆம் தேதி 18 ஆனது. நேற்று 41. இன்று காலை 29. ஒவ்வொரு முறை கைப்பேசியைத் திறக்கும்போதும் ஓர் எண். மகள் இனிமேல் தானே பார்த்துக்கொள்கிறேன் என்று என்னிடமிருந்து வாங்கி வைத்துக்கொண்டாள். சீட்டு எடுப்பதா வேண்டாமா?

நாகர்கோவில் வானிலைக் குறிப்பேடு | ஜனவரி 18, இரவு 9.00

சார், எண் ஆடுவதைப் பார்த்தீர்கள். ஆடாமல் நிற்பதைக் கவனிக்கவில்லை. இந்த ஆறு நாளும் எல்லா ஓட்டங்களும் சேர்ந்து நெருங்கி வந்திருக்கும் ஒரு செய்தி இருக்கிறது: இடையூறு வந்து சேரும் நாள் 24 மாலைக்கும் 25 இரவுக்கும் இடையில். குளச்சல் அண்ணன் அன்றைக்கே சொன்னது இதுதான். ஐம்பது ஓட்டங்களில் பெரும்பாலானவை குல்மார்க் அடிநிலையில் ஏதோ ஓர் அளவு பனியைக் காட்டுகின்றன. ஒன்றுமே இல்லை என்று சொல்பவை மிகக் குறைவு. 2024இல் நீங்கள் போனபோது இதே கணக்கைப் பார்த்திருந்தால், இடையூறே வரவில்லை என்பதை ஒரு வாரத்துக்கு முன்பே உங்களால் அறிந்திருக்க முடியும். எவ்வளவு பெய்யும் என்று தெரியாவிட்டாலும், பெய்யுமா என்பது இப்போது ஓரளவு தெரிகிறது. உங்களுக்குத் தேவையானதும் அதுதானே?

செ.மீ. எண் இவ்வளவு ஆடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மாதிரி கணக்கிடுவது நீரின் அளவைத்தான். அதைப் பனியாக மாற்றும்போது 1 மி.மீ. நீருக்கு 1 செ.மீ. பனி என்ற வாய்ப்பாட்டையே பல தளங்கள் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்துகின்றன. கடுங்குளிரில் அதே நீர் ஒன்றரை மடங்கு ஆழத்துக்குப் பஞ்சுபோல் குவியும்; உறைநிலைக்கு அருகில் என்றால் பாதியாகக் கனத்துப் படியும்.

பார்வதிபுரம் ஆசிரியர் | ஜனவரி 19, காலை 7.15

தெளிவு பெற்றேன். 27ஆம் தேதி ஸ்ரீநகர் சேரும்படி மாற்றத்தக்க சீட்டு எடுத்துவிட்டேன். 28 முதல் ஐந்து நாள் பயிற்சி. 25 அன்று இடையூறு வராமல் போனால் சீட்டைப் பிப்ரவரிக்குத் தள்ளிவிடுவேன்.

நெய்யூர் செவிலியர் | ஜனவரி 20, இரவு 9.30

நல்ல முடிவு, சார். மருத்துவப் பக்கமாக இரண்டு செய்திகள். கடல்மட்டத்திலிருந்து ஒரே நாளில் 2,650 மீட்டருக்கு ஏறுகிறீர்கள். 2,500 மீட்டருக்கு மேல் சிலருக்குத் தலைவலி, குமட்டல், உறக்கமின்மை வரும். முதல் நாள் இரவை ஸ்ரீநகரில் கழித்துவிட்டு ஏறுவது நல்லது. தலைவலி கூடிக்கொண்டே போனால் கீழே இறங்குவதே மருந்து. அடுத்தது கண். புதிய பனி தன்மேல் விழும் புற ஊதாக் கதிரில் 80 விழுக்காடு வரை திருப்பி அனுப்பும். மேகமூட்டமான நாளிலும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவிடாதீர்கள். கழற்றினால் பகலில் எரிச்சல் எதுவும் தெரியாது. இரவில் கண்ணுக்குள் மணல் கொட்டியதுபோல் எரியும்.

நாகர்கோவில் வானிலைக் குறிப்பேடு | ஜனவரி 23, இரவு 8.45

இனி எண்ணைப் பார்க்கலாம். இரண்டு நாள்தான் இருக்கிறது. ஆனால் செ.மீ. எண்ணுக்கு முன்னால் உறைநிலை உயரத்தைப் பாருங்கள். காற்று பூச்சியம் பாகையாகும் உயரம் 25 மாலையில் 2,800 மீட்டரில் தொடங்கி இரவுக்குள் 2,000 மீட்டருக்குக் கீழே இறங்கும் என்று காட்டுகிறது. பனித்துகள் உருகி மழையாக மாறுவதற்கு உறைநிலைக்குக் கீழே மேலும் இருநூறு, முந்நூறு மீட்டர் விழ வேண்டும். ஆகவே குல்மார்க் புல்வெளியில் முதல் சில மணி நேரம் ஈரப்பனி, பின்னிரவில் உலர்பனி என்று எதிர்பார்க்கிறேன். இது கற்பவர்களுக்கு மிக உகந்த வரிசை. கனத்த பனி அடியில் ஒட்டிக்கொண்டு, உலர்ந்தது மேலே நிற்கும். காற்று மட்டும் கவலை தருகிறது. உச்சியில் பலமாக வீசும் என்று காட்டுகிறது.

தக்கலை முன்னாள் படைவீரர் | ஜனவரி 24, காலை 6.40

தம்பி கடைசியில் சொன்ன காற்றைப் பற்றித்தான் நான் எழுத வேண்டும். இந்த இழையில் எல்லோரும் பனி வருமா என்று கவலைப்பட்டோம். வந்த பிறகு என்ன என்பதை யாரும் கேட்கவில்லை.

பலத்த காற்று வீசினால் இரண்டாம் கட்டக் கோண்டோலாவை நிறுத்திவிடுவார்கள். நிறுத்தினால் வருந்தாதீர்கள். 2017 சூன் 25 அன்று காற்றில் மரம் முறிந்து கம்பிவடத்தின்மேல் விழுந்து ஏழு உயிர்கள் போயின. அடுத்து, காற்று பனியைப் பெயர்த்துச் சரிவின் மறுபக்கத்தில் பலகைபோல் படியவைக்கும். பார்ப்பதற்கு வழவழப்பாக, சறுக்க அழைப்பதுபோல் இருக்கும். ஓர் ஆளின் எடை பட்டால் போதும். பலகை மொத்தமாக உடைந்து இறங்கும். 30 பாகைக்கும் 45 பாகைக்கும் இடைப்பட்ட சரிவுகளில்தான் இது பெரும்பாலும் நடக்கிறது. சறுக்குகிறவர்கள் விரும்பித் தேடுவதும் அதே சரிவுகளைத்தான். 2023 பிப்ரவரி 1 அன்று அஃபர்வத்தில் போலந்து நாட்டவர் இருவரும், 2024 பிப்ரவரி 22 அன்று ரஷ்ய நாட்டவர் ஒருவரும் பனிச்சரிவில் இறந்தார்கள். ஆசிரியர் காய்ந்த புல்லைப் பார்த்துத் திரும்பிய அதே குளிர்காலம்தான் அது. ஒரு மாதத்துக்கு முன் பனி இல்லையே என்று ஏங்கிய மலை, வந்த பனியால் ஆளைக் கொன்றது.

குளச்சல் தம்பி கேட்ட கேள்விக்கு விடை இதுதான்: சண்டிகரில் உள்ள பாதுகாப்புப் புவித்தகவல் ஆய்வு நிறுவனம் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது. அபாயம் ஒன்று முதல் ஐந்து வரை நிலைகளாகக் குறிக்கப்படும். கோண்டோலாவைச் சுற்றியுள்ள குறிப்பிட்ட பகுதியை மட்டுமே ரோந்துப் பணியாளர்கள் சோதித்துத் திறக்கிறார்கள். எல்லைக்கு வெளியே போனால் பொறுப்பு போகிறவருடையது. பெய்து முடித்த முதல் இரண்டு நாள் எல்லைக்கோட்டைத் தாண்டவே கூடாது. “அங்கே மற்றவர்கள் போகிறார்களே” என்ற பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள்.

மார்த்தாண்டம் டு இன்ஸ்ப்ருக் | ஜனவரி 24, பகல் 12.15

ஐயா சொன்னதைத் திருத்த அல்ல, அழுத்திச் சொல்லவே எழுதுகிறேன். இங்கே பெரும்பாலான விபத்துகள் ஐந்தாம் நிலையில் நடப்பதில்லை. அன்றைக்கு யாரும் வெளியே போவதில்லை. மூன்றாம் நிலையில் நடக்கின்றன. “நடுத்தரம்தானே” என்று ஐந்தில் மூன்றைத் தேர்வு மதிப்பெண்போல் படிப்பதுதான் தவறு. புதைந்தவரைப் பத்து, பதினைந்து நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால்தான் நம்பிக்கை அதிகம். மீட்புக் குழு அதற்குள் வந்து சேராது. உடன் வந்தவர்களிடம் புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்டும் சைகைக் கருவியும், பனிக்குள் குத்திப் பார்க்கும் துழாவுகோலும், மண்வெட்டியும் இருக்க வேண்டும்.

பார்வதிபுரம் ஆசிரியர் | ஜனவரி 28, இரவு 8.10

குல்மார்க்கிலிருந்து எழுதுகிறேன். 25 மாலையில் தொடங்கி 26 நண்பகல் வரை பெய்ததாம். அன்று ஸ்ரீநகர் விமானங்கள் பல இரத்தானதாகச் சொன்னார்கள். நேற்று நாங்கள் இறங்கியபோது வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. பயிற்சியாளர் கோலை ஊன்றிக் காட்டினார்: புல்வெளியில் ஒரு முழத்துக்கு இரண்டு விரல் அதிகம். காஷ்மீரியில் பனிக்கு ஷீன் என்று பெயர் என்றும் சொல்லித் தந்தார். இரண்டாம் கட்டக் கோண்டோலா இன்றும் ஓடவில்லை.

மகள் காலையில் பதினோரு முறை விழுந்தாள். பன்னிரண்டாவது முறை நூறடி தூரம் நின்றபடியே இறங்கி வந்தாள்.

குளச்சல் வள்ளம் | ஜனவரி 28, இரவு 9.00

மனம் நிறைந்தது, சார். மூடுபனி இறங்கினால் மட்டும் சறுக்குவதை நிறுத்திவிடுங்கள். நாங்கள் கடலில் கரைமரத்தையும் மலையையும் கணியம் வைத்துத்தான் இடம் பிடிக்கிறோம். எல்லாம் வெளுத்து மறைந்துபோனால் எவ்வளவு பழகியவனுக்கும் திசை போய்விடும்.

பார்வதிபுரம் ஆசிரியர் | பிப்ரவரி 1, மாலை 6.30

அண்ணன் சொன்னது நேற்று அப்படியே நடந்தது. பத்து மணிக்கு மேல் மேகம் இறங்கியதும் வானமும் தரையும் ஒரே வெள்ளையாகி, சரிவு எங்கே தொடங்குகிறது என்பதே தெரியாமல் போயிற்று. பயிற்சியாளர் எல்லோரையும் உட்காரச் சொல்லிவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துக் கயிற்றைப் பிடித்தபடி கீழே அழைத்து வந்தார்.

பனியின் தன்மையை நாள்தோறும் எப்படி அறிவது என்பதையும் அவரிடம் கற்றோம். ஒரு கை அள்ளி அழுத்திப் பார்க்கிறார். முதல் நாள் பனி உருண்டையாகப் பிடிபடவே இல்லை, விரலிடுக்கில் உதிர்ந்தது. மூன்றாம் நாள் பிடித்தால் நின்று, தட்டினால் உதிர்ந்தது. மகள் உடனே “அம்மா புட்டுக்கு விரவும் மாவு” என்றாள். இன்று பிற்பகலில் வெயில் ஏறியதும் பிழிந்தால் நீர் வடிந்தது. சறுக்குப் பலகை இழுத்துப் பிடித்தது. எனவே காலை ஒன்பது முதல் பன்னிரண்டரை வரை மட்டும் சறுக்கி, பிற்பகலில் ஓய்வெடுத்தோம். இந்த விவரம் எந்த முன்னறிவிப்புத் தளத்திலும் இல்லை. கோண்டோலா இரண்டாம் கட்டம் இன்று திறந்தது. அபாய நிலை மூன்று என்று பலகையில் எழுதியிருந்தார்கள். நாங்கள் கொங்டூரி வரை மட்டும் ஏறி, அங்கிருந்து மலையைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

நாளை மறுநாள் புறப்படுகிறோம். 3ஆம் தேதி அடுத்த இடையூறு வருவதாகக் காட்டுகிறது. ஐயா, தங்மார்க் இறங்குவதற்கு எந்த நேரம் சரி?

தக்கலை முன்னாள் படைவீரர் | பிப்ரவரி 1, இரவு 7.05

மகளுக்கு என் வாழ்த்துகள். நாளை மறுநாள் வரை காத்திராதீர்கள். நாளை மதியமே இறங்கி இரவு ஸ்ரீநகரில் தங்கிவிடுங்கள். அதிகாலையில் அந்தச் சாலையில் முந்தைய நாள் உருகிய நீர் கண்ணாடிபோல் உறைந்து கிடக்கும். பதினோரு மணிக்கு மேல்தான் வெயில் வளைவுகளில் விழும். வண்டியில் ஏறும் முன் பின்சக்கரத்தைக் குனிந்து பாருங்கள். சங்கிலி கட்டியிருக்கிறேன் என்று ஓட்டுநர் சொல்வதைக் கேட்டு ஏறாமல், கட்டியிருப்பதைக் கண்ணால் கண்ட பிறகு ஏறுங்கள்.